இழவும் அசைவும்: மாற்றத்தை எதிர்கொள்ளும் குழந்தைக்கான நான்கு படநூல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாயைப் பிரிந்திருத்தல், தங்கை பிறத்தல், வளர்ப்பு உயிர் இறத்தல், வாழிடம் மாறுதல் ஆகிய மாற்றங்களை எதிர்கொள்ளும் சிறு குழந்தைக்குப் படநூல்கள் துணையாகும் என்பது கல்வியாளர்களிடையே வேரூன்றிய கருத்து. அத்துணை எவ்வாறு நிகழ்கிறது என்பது திறனாய்வு நோக்கில் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் வெளிவந்த நான்கு படநூல்களை எடுத்துக்கொண்டு, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் இழவு, அசைவு என்னும் பாகுபாட்டின் துணையுடன் இக்கட்டுரை அவற்றை அணுகுகிறது. ஒரு மாற்றம் மீளக்கூடியதா, மீளாததா என்பதில் கதையின் முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்பதும், மாற்றத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கதைக்குள் ஒரு செயல் இருக்க வேண்டும் என்பதும் இதன் வழி நிறுவப்படுகின்றன. இத்தகைய நூல்களைத் தமிழில் பெயர்க்கும்போதும் வாசித்துக் காட்டும்போதும் எழும் ஒரு மொழிச் சிக்கலும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: படநூல், குழந்தை இலக்கியம், மெய்ப்பாடு, இழவு, அசைவு, பிரிவு, மங்கலம், மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

வாசிப்பை மருந்தாகக் கருதும் எண்ணம் புதியதன்று. 'நூல்வழி மருத்துவம்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சாமுவேல் குரோதர்ஸ் 1916இல் ஓர் அமெரிக்க இதழ்க் கட்டுரையில் ஆண்டார். அச்சொல் பின்னர் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் வேரூன்றியது. இன்று தங்கை பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு நூல், பள்ளி செல்லத் தொடங்கும் குழந்தைக்கு ஒரு நூல், தாத்தாவை இழந்த குழந்தைக்கு ஒரு நூல் என நோய்க்கு மருந்து தருவதுபோல் பட்டியலிட்டுப் பரிந்துரைக்கும் வழக்கம் பல நாடுகளில் காணப்படுகிறது.

இவ்வழக்கத்தின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அது ஒரு கருத்தை மறைவாக உட்கொண்டுள்ளது. நூலின் பொருளும் குழந்தையின் சிக்கலும் ஒன்றாக இருந்துவிட்டால் பயன் தானே விளையும் என்பதே அக்கருத்து. தங்கை பிறப்பைப் பேசும் நூல்கள் அனைத்தும் தங்கை பிறந்த குழந்தைக்கு உதவும் எனக் கொள்ள இயலாது. அழாதே என்று மட்டும் சொல்லும் நூலும் உண்டு. அழுகைக்குக் காரணமானதைக் கூர்ந்து பார்க்கத் துணைநிற்கும் நூலும் உண்டு. முன்னது ஆறுதல் தருவது. பின்னது ஆற்றும் திறனைத் தருவது. இவ்விரண்டையும் பிரித்தறிவது திறனாய்வின் வேலையாகும்.

இந்நோக்கில் நான்கு நூல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மார்ட்டின் வாடெல் எழுதிப் பாட்ரிக் பென்சன் படம் வரைந்த 'அவுல் பேபிஸ்' (1992), எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த 'பீட்டர்ஸ் சேர்' (1967), ஜூடித் வியர்ஸ்ட் எழுதி எரிக் பிளெக்வாட் படம் வரைந்த 'த டென்த் குட் திங் அபவுட் பார்னி' (1971), வர்ஜீனியா லீ பர்ட்டன் எழுதி வரைந்த 'த லிட்டில் ஹவுஸ்' (1942) என்பன அவை. வாசிப்பு எளிமை கருதி இவை முறையே ஆந்தைக் குஞ்சுகள், பீட்டரின் நாற்காலி, பார்னி, சின்ன வீடு எனக் குறிக்கப்படுகின்றன.

2. ஆய்வின் அடிப்படை: இழவு, அசைவு, பிரிவு

மாற்றம் தரும் துயர் ஒரே தன்மையதன்று. இதைப் பகுத்துக் காண்பதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு கருவி உள்ளது. அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. இவற்றுள் இழவு என்பது தாய், தந்தை, சுற்றத்தார் ஆகியோரையும் இன்பம் தரும் நுகர்ச்சி முதலியவற்றையும் இழத்தல் எனவும், அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் எனவும் பேராசிரியர் உரை கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

இப்பாகுபாடு குழந்தைகளைக் கருதிச் செய்யப்பட்டதன்று. ஆயினும் குழந்தையின் துயரைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவுகிறது. இழவில் தன்னிடமிருந்த ஒன்று போய்விடுகிறது. அசைவில் எதுவும் போகாமலே தன் நிலை மாறிவிடுகிறது. தங்கை பிறந்த வீட்டில் தாயும் இருக்கிறாள், தந்தையும் இருக்கிறார், தொட்டிலும் இருக்கிறது. எனினும் நேற்று வரை ஒரே குழந்தையாக இருந்தவன் இன்று அண்ணனாகி நிற்கிறான். இத்துயர் இழவன்று, அசைவு. ஆதலின் 'ஒன்றும் போய்விடவில்லை' என்னும் ஆறுதல் மொழி அக்குழந்தையைச் சென்று சேர்வதில்லை.

இவ்விரண்டோடு பிரிவு என்னும் மூன்றாவதையும் குழந்தையின் பொருட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சென்ற தாய் மாலையில் திரும்புவாள் என்பதைப் பெரியோர் அறிவர். சிறு குழந்தைக்குப் பிரிவுக்கும் இழவுக்கும் இடையிலான எல்லை தெளிவாக இருப்பதில்லை. தாயின் பிரிவால் குழந்தை கொள்ளும் அச்சத்தை விரிவாக ஆராய்ந்த ஜான் பௌல்பி, 1973இல் வெளியிட்ட நூலில், வேண்டும்போது தாய் கிடைப்பாள் என்ற நம்பிக்கை உடைய குழந்தைக்கு அச்சம் குறைவாக இருக்கும் எனக் காட்டினார். எனவே பிரிவைப் பேசும் நூலில் திரும்பி வருதல் இன்றியமையாதது. அதே திரும்பி வருதலை இறப்பைப் பேசும் நூலில் வைத்தால் அது பொய்யாகிவிடும். இவ்வேறுபாட்டிலிருந்து நூல்களை அளப்பதற்கு மூன்று வினாக்கள் பிறக்கின்றன. கதையில் நிகழும் மாற்றம் மீளக்கூடியதா? அதைக் குறித்துக் கதையின் முடிவு உண்மை கூறுகிறதா? மாற்றத்துக்கு உட்பட்டவர் செய்வதற்கு ஏதேனும் ஒரு செயல் கதையில் உள்ளதா?

3. படநூலின் மொழி

படநூல் என்பது படங்கள் சேர்த்த கதைநூல் அன்று. சொல்லும் படமும் சேர்ந்தே அங்குப் பொருள் பிறக்கிறது. இவை இரண்டும் ஒன்றையொன்று வரம்புபடுத்துவதைப் பெர்ரி நோடல்மன் 1988இல் விளக்கினார். இரண்டுக்கும் இடையிலான இடைவெளிகளை மரியா நிக்கோலயேவாவும் கேரல் ஸ்காட்டும் 2001இல் வகைப்படுத்தினர். பக்கத்தைத் திருப்பும் செயலே ஒரு நாடகம் என்பதை அதற்கு முன்பே, 1976இல், பார்பரா பேடர் உணர்த்தியிருந்தார்.

மாற்றத்தைப் பேசும் நூல்களுக்கு இக்கூறுகள் சிறப்பாகப் பொருந்துகின்றன. பக்கம் திருப்புதல் மாற்றத்தின் மிகச் சிறிய வடிவம். முன்னிருந்த காட்சி மறைகிறது. அடுத்தது என்ன என்பது தெரியாது. ஆனால் திருப்புவது குழந்தையின் கை. வேண்டுமானால் முந்தைய பக்கத்துக்கு மீளவும் முடியும். வாழ்வில் குழந்தைக்குக் கிடைக்காத இவ்வுரிமை நூலில் கிடைக்கிறது. மேலும், எழுத்தறியாக் குழந்தை சொல்லைக் காதால் கேட்டுப் படத்தைக் கண்ணால் வாசிக்கிறது. படிப்பவரின் பார்வை எழுத்தில் நிற்கும்போது குழந்தையின் பார்வை படமெங்கும் உலவுகிறது. சொல் கூறாததைப் படத்தில் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் குழந்தையே. அவ்வாறு தானே கண்டறிந்த உண்மை, பெரியவர் வாயிலாக அறிவிக்கப்படும் உண்மையினும் ஆழமாகப் பதிகிறது.

4. பிரிவு: ஆந்தைக் குஞ்சுகள்

சாரா, பெர்சி, பில் என்னும் மூன்று ஆந்தைக் குஞ்சுகள் மரப்பொந்தில் தாயுடன் வாழ்கின்றன. ஓர் இரவில் விழித்தெழும்போது தாயைக் காணவில்லை. மூத்த சாரா காரணங்களை எண்ணிப் பார்க்கிறது. பெர்சி அதை ஒட்டிப் பேசுகிறது. இளையதான பில் தனக்கு அம்மா வேண்டும் என்னும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. இறுதியில் தாய் வந்துவிடுகிறது.

இதன் கதைப்பின்னல் மிக எளியது. நூலின் பெரும்பகுதி காத்திருத்தலுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தாய் எங்குச் சென்றது என்பதைக் கதை இடையில் காட்டுவதில்லை. கேட்கும் குழந்தை குஞ்சுகளுக்குத் தெரிந்ததற்கு மேல் எதையும் அறிய முடியாது. பென்சனின் படங்களில் இருண்ட காட்டின் நடுவே வெண்மையான குஞ்சுகள் மட்டும் ஒளிர்கின்றன. இருள் அச்சம் தருவதாகவே வரையப்பட்டுள்ளது. அதை அழகுபடுத்தி மறைக்கும் முயற்சி இல்லை.

காத்திருக்கும் குஞ்சுகள் முற்றிலும் செயலற்றும் இல்லை. தனித்தனியே அமர்ந்திருந்தவற்றைத் தன் கிளைக்கு வருமாறு சாரா அழைக்கிறது. மூன்றும் ஒரே கிளையில் நெருங்கி அமர்கின்றன. தாயை வரவழைக்க அவற்றால் இயலாது. ஒருவர்க்கொருவர் துணையிருக்க இயலும். பிரிவுக் காலத்தில் ஆற்றியிருத்தலின் இயல்பு இதுவே. மூன்று குஞ்சுகளுக்கும் மூன்று இயல்புகள் அமைந்திருப்பதும் நுட்பமானது. காரணம் தேடும் குழந்தையும், பிறரைச் சார்ந்து பேசும் குழந்தையும், அம்மா என்று மட்டுமே அழும் குழந்தையும் தத்தமக்குரிய இடத்தை இங்குக் காணலாம். பில்லின் அழுகையை மற்றவை கண்டிப்பதில்லை. அது தவறென்று கதை கூறுவதுமில்லை.

தாயின் வருகை சிறகு விரித்த பெரும்படமாக அமைகிறது. இம்முடிவு உண்மையானது. ஏனெனில் இரை தேடச் சென்ற தாய் திரும்புவதே இயல்பு. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைக்கும், அங்கன்வாடியில் முதல் வாரத்தைக் கழிக்கும் குழந்தைக்கும் இந்நூல் பொருந்தும். தாயை நிலையாக இழந்த குழந்தைக்கு இதே முடிவு துன்பம் தரக்கூடும். நூல் அதனால் குறையுடையது ஆகாது. எந்த மாற்றத்துக்கு எந்த நூல் என்பதைப் பகுத்தறியாமல் தருவோரின் குறை அது.

5. அசைவு: பீட்டரின் நாற்காலி

எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வெளியிட்ட 'த ஸ்னோயி டே' அமெரிக்கப் படநூல் வரலாற்றில் ஒரு கறுப்பினச் சிறுவனை இயல்பான கதைத்தலைவனாக நிறுத்தியது. 1963இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. அச்சிறுவனான பீட்டரே இந்நூலிலும் வருகிறான். இப்போது அவனுக்குச் சூசி என்னும் தங்கை பிறந்திருக்கிறாள்.

அவன் அடுக்கிய கட்டைக் கோபுரம் சரிந்து விழ, குழந்தை இருக்கும் வீட்டில் ஓசையின்றி விளையாட வேண்டும் என்கிறாள் தாய். அவனுடைய தொட்டில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டுத் தங்கைக்கு ஆகிவிட்டது. அவன் அமர்ந்து உண்ட உயர நாற்காலிக்குத் தந்தை வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். கட்டிலும் இளஞ்சிவப்பாகிவிட்டது. வண்ணம் படாமல் எஞ்சியிருப்பது ஒரு சிறிய நீல நாற்காலி மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு, நாய் வில்லியுடன் வீட்டை விட்டு வெளியேறுகிறான் பீட்டர்.

இங்குப் பொருள்கள் வெறும் பொருள்களாக இல்லை. அகப்பாடல்களில் கருப்பொருள் உரிப்பொருளை ஏந்தி நிற்பதுபோல், இந்நூலில் வண்ணம் அசைவை ஏந்தி நிற்கிறது. ஒரு பொருளும் வீட்டை விட்டுப் போகவில்லை. அனைத்தும் நிறம் மாறிவிட்டன. முன்னிருந்த நிலை கெட்டு வேறொன்றாதல் என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வடிவம் காண்பதரிது. வெளியேறும்போது பீட்டர் எடுத்துச் செல்பவற்றுள் அவனுடைய குழந்தைப் பருவப் படமும் ஒன்று. பழைய தன்னையே அவன் சுமந்து செல்கிறான்.

அவன் சென்ற தொலைவு வீட்டின் வாயில்வரைதான். அங்கே பொருள்களை ஒழுங்காக அடுக்கிவிட்டு நாற்காலியில் அமர முயல்கிறான், முடியவில்லை. அவன் வளர்ந்துவிட்டான். கதையின் திருப்பம் இங்கே நிகழ்கிறது. யாரும் அவனுக்கு அறிவுரை கூறவில்லை. நீ இப்போது பெரியவன், விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வழக்கமான மொழி நூலில் இல்லை. நாற்காலியே அவனுக்கு உண்மையை உணர்த்துகிறது. பறிக்கப்படுவதாக அவன் எண்ணியது, உண்மையில் அவனுக்குப் பொருந்தாமல் போய்விட்ட ஒன்று.

வீடு திரும்பியவன் திரைச்சீலைக்கு அடியில் தன் காலணிகளை வைத்து, தான் அங்கே ஒளிந்திருப்பதாகத் தாயை நம்பவைத்து ஏமாற்றுகிறான். இவ்விளையாட்டு கதைக்கு அழகூட்டும் உறுப்பு மட்டுமன்று. வீட்டில் தன்னைத் தேடுகிறார்களா என்பதை அவன் சோதித்தறியும் வழி அது. தேடப்படுகிறான் என்பது உறுதியான பின்பே, பெரியவர் நாற்காலியில் அமர்ந்து, சிறிய நாற்காலியைத் தங்கைக்காக இளஞ்சிவப்பாக்கலாம் எனத் தந்தையிடம் தானே கூறுகிறான். பூசப்பட்டதைப் பார்த்து நின்றவன் பூசுபவனாகிறான். நீல நாற்காலி திரும்பக் கிடைப்பதில்லை, மாற்றம் மீள்வதில்லை. கொடுப்பது அவனுடைய செயலாகிவிட்டதே வேறுபாடு.

6. இழவு: பார்னி

வியர்ஸ்ட்டின் நூல் பூனை இறந்த பின்பே தொடங்குகிறது. பார்னி என்னும் பூனையை இழந்த சிறுவன் உண்ண மறுக்கிறான், தொலைக்காட்சி பார்க்க விரும்பவில்லை, அழுகிறான். மறுநாள் புதைக்கும்போது சொல்வதற்காகப் பார்னியைப் பற்றிய பத்து நல்ல செய்திகளை நினைத்துவைக்குமாறு தாய் கூறுகிறாள். அவனுக்கு ஒன்பது மட்டுமே கிடைக்கின்றன.

இவ்வெண்ணிக்கைக் குறையே நூலின் மையம். பத்தும் நிரம்பியிருந்தால் அது ஓர் இரங்கற் சடங்காக முடிந்திருக்கும். ஒன்று குறைவதால் சிறுவன் தொடர்ந்து சிந்திக்க வேண்டியவனாகிறான். பார்னி எங்கே இருக்கிறது என்பதில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஆனியுடன் அவனுக்கு வாக்குவாதம் எழுகிறது. விண்ணுலகில் என்கிறாள் அவள். மண்ணில் என்கிறான் அவன். தந்தை எவர் பக்கமும் தீர்ப்பளிப்பதில்லை. தமக்கு உறுதியாகத் தெரியாததை உறுதியாகக் கூறாத பெரியவர் குழந்தை இலக்கியத்தில் அரிதாகவே தென்படுகிறார். விதை ஊன்றும் தோட்டத்தில், மண்ணுக்குள் பொருள்கள் மாறுகின்றன என்பதைத் தந்தை விளக்குகிறார். பூக்கள் வளர்வதற்குப் பார்னி உதவுகிறது என்பதே சிறுவன் கண்டடையும் பத்தாவது நல்ல செய்தி.

பார்னி திரும்பி வரவில்லை. புதிய பூனையும் வாங்கித் தரப்படவில்லை. இழவை மறைக்கும் எவ்வகை ஈடும் நூலில் இல்லை. இதன் இன்றியமையாமை ஆய்வு வழியும் புலனாகிறது. அங்கேரியக் குழந்தைகளிடம் ஆய்வு நிகழ்த்திய மரியா நாகி, ஐந்து வயதுக்கு உட்பட்டோர் இறப்பை முடிவாகக் கருதாமல் ஒருவகைப் பயணமாகவோ உறக்கமாகவோ கருதுவதை 1948இல் வெளியிட்டார். அவ்வயதுக் குழந்தையிடம் இறப்பைப் பயணமாகவும் உறக்கமாகவும் கூறும் நூல், குழந்தையின் மயக்கத்தை நீக்காமல் மேலும் வலுப்படுத்திவிடும். பிளெக்வாட்டின் வண்ணமற்ற கோட்டோவியங்களும் இந்நேர்மைக்குத் துணைநிற்கின்றன.

7. திரும்பிச் செல்லுதல்: சின்ன வீடு

மேற்கண்ட மூன்று நூல்களும் வகுத்துக்கொண்ட அளவுகோலுக்கு இயைந்து நிற்கின்றன. அவ்வளவுகோலைச் சோதனைக்கு உள்ளாக்கும் நூல் 1943இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற சின்ன வீடு. குன்றின்மேல் ஆப்பிள் மரங்களுக்கிடையே கட்டப்பட்ட வீடு ஒன்று பருவங்களின் சுழற்சியைக் கண்டு மகிழ்கிறது. தொலைவில் தெரியும் நகர விளக்குகளைக் கண்டு வியக்கிறது. பின்னர்ச் சாலை வருகிறது, வீடுகள் பெருகுகின்றன, தொடர்வண்டிகள் மேலும் கீழும் ஓடுகின்றன, வானளாவிய கட்டடங்கள் இருபுறமும் எழுகின்றன. வண்ணம் உரிந்து, சன்னல்கள் உடைந்து கிடக்கும் அவ்வீட்டை, அதைக் கட்டியவரின் வழித்தோன்றலான பெண் ஒருவர் கண்டுணர்ந்து, பெயர்த்தெடுத்து வண்டியில் ஏற்றி நாட்டுப்புறத்துக்குக் கொண்டுசெல்கிறார்.

மாற்றத்தைக் காட்சிப்படுத்துவதில் இந்நூலுக்கு நிகரானவை சில. பெரும்பாலான பக்கங்களில் வீடு ஒரே இடத்தில், ஒரே அளவில் நிற்க, அதைச் சுற்றியுள்ளவை மட்டும் மாறுகின்றன. முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, எது போயிற்று, எது வந்தது என விரலால் தொட்டுக் காட்டுவதற்கு இவ்வமைப்பு குழந்தையைத் தூண்டுகிறது. பகலும் இரவும் சுழல்வதும், பருவங்கள் சுழல்வதும், நகரம் வளர்வதும் வேறுவேறு வகை மாற்றங்கள் என்பது சொல்லப்படாமலே புலப்படுகிறது. முதலிரண்டும் மீள்வன, மூன்றாவது மீளாதது.

முடிவோ இத்தெளிவைக் கைவிடுகிறது. நகரம் வளர்ந்தது என்னும் மீளா மாற்றத்துக்கு, பழைய வாழ்வுக்கே திரும்பிவிடுதல் விடையாகத் தரப்படுகிறது. நகரத்தின்மேல் முன்பு கொண்டிருந்த ஆவலும் வீட்டை விட்டு நீங்கிவிடுகிறது. ஊர் மாறி வந்த குழந்தை, பழைய ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு இல்லாதபோது, இம்முடிவிலிருந்து எதைப் பெற்றுக்கொள்ளும்? இருக்கும் இடம் தீயது, விட்டுவந்த இடமே நல்லது என்னும் எண்ணத்தையே பெறக்கூடும். மேலும், சின்ன வீட்டுக்குக் கதையில் செயல் ஏதும் இல்லை. அது வருந்துகிறது, காத்திருக்கிறது, பிறரால் கொண்டுசெல்லப்படுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. குடும்பம் இடம்பெயரும்போது முடிவெடுப்போர் பெரியோரே; குழந்தை வண்டியில் ஏற்றப்படுவது மட்டுமே நிகழ்கிறது. அவ்வகையில் வீட்டின் செயலின்மை குழந்தையின் உண்மையான நிலையைப் பிரதிபலிக்கிறது எனலாம். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் ஒரு நிலையைப் பிரதிபலிப்பது வேறு. அந்நிலையில் நிற்பதற்கு வலிமை தருவது வேறு. ஆந்தைக் குஞ்சுகளுக்கும் தாயை வரவழைக்கும் ஆற்றல் இல்லை. ஆயினும் அவற்றுக்கு ஒரே கிளையில் அமரும் உரிமை இருந்தது.

சொல் மூடிவிட்டதைப் படம் சற்றே திறந்துவைத்திருப்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வீடு சென்றடையும் குன்று பழைய குன்று அன்று. அதைப் போன்ற வேறொரு குன்று. பழைய குன்று நகரத்தின் அடியில் மறைந்துவிட்டது. அதாவது, வீடு திரும்பிச் செல்லவில்லை. புதிய இடத்தைப் பழகிய இடமாக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. முதல் பக்கத்தையும் இறுதிப் பக்கத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா எனக் கேட்கும் ஆசிரியர் இந்நூலின் குறையைக் குழந்தையின் கண்ணாலேயே நிறைவு செய்துவிட முடியும்.

8. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட துளிகா போன்ற பதிப்பகங்கள் படநூல்களைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம், கதைகளை எவரும் மொழிபெயர்க்க இடமளிக்கிறது. இந்நிலையில் மாற்றத்தைப் பேசும் நூல்களின் தமிழாக்கம் தனிக் கவனத்துக்குரியது. இரு கூறுகள் இங்குச் சுட்டத்தக்கவை.

முதலாவது, இறப்பைக் குறிக்கும் சொல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்குக்கு இலக்கண நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. துஞ்சுதல் என்பதற்கு உறங்குதல் என்பதே பொருள். பேச்சுவழக்கிலோ 'ஊருக்குப் போயிருக்காங்க', 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்று குழந்தைக்குச் சொல்லப்படுகிறது. உறக்கமும் பயணமும்! ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இறப்பை எவையாகப் பிழைபடக் கருதுகிறதோ, அவையே நம் நாகரிக வழக்கில் நிலைபெற்றுள்ளன. விடைபெறும்போது 'போறேன்' என்னாமல் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிப் பழகிய சமூகத்தில், 'போயிட்டாங்க' என்பதைக் கேட்ட குழந்தை 'எப்ப வருவாங்க?' என்று வினவுவது முற்றிலும் இயல்பே. மங்கல வழக்கு பெரியோர்க்கு இடையே பண்பாடாகும். பார்னி போன்ற நூலைப் பெயர்க்கும்போது அது நூலின் உயிரையே போக்கிவிடும். பூனை செத்துப்போய்விட்டது என்று எழுதும் துணிவு மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டும்.

இரண்டாவது, சேர்க்கப்படும் அறிவுரை. பீட்டரின் நாற்காலியை வாசித்து முடித்தவுடன், 'பார்த்தாயா, பீட்டர் எவ்வளவு நல்ல அண்ணன், நீயும் அப்படி இருக்கணும்' என்று சொல்வது எளிது. சொல்லாமல் இருப்பது அரிது. அவ்வாறு சொல்லும் கணத்தில், நாற்காலியிடமிருந்து பீட்டர் தானே கற்றது, குழந்தைக்குப் பெரியவரின் கட்டளையாக மாறிவிடுகிறது. மூலநூல் காத்த அமைதியை மொழிபெயர்ப்பும் வாசித்துக் காட்டலும் காக்க வேண்டும்.

9. முடிவுரை

நான்கு நூல்களின் ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

குழந்தை எதிர்கொள்ளும் மாற்றங்கள் பிரிவு, அசைவு, இழவு என வேறுபடுகின்றன. பிரிவைப் பேசும் நூலுக்குத் திரும்பி வருதலும், அசைவைப் பேசும் நூலுக்குப் புதிய நிலையைத் தானே ஏற்றலும், இழவைப் பேசும் நூலுக்கு இல்லாமையை ஒப்புக்கொள்ளுதலும் உரிய முடிவுகளாகும். ஒன்றற்குரிய முடிவை மற்றொன்றற்கு வைப்பது இனிமையாக இருப்பினும் துணையாகாது.

ஒரே கிளையில் அமர்தல், நாற்காலிக்கு வண்ணம் பூசுதல், பத்தாவது நல்ல செய்தியைத் தேடுதல் ஆகியவை சிறிய செயல்களே. மாற்றத்தை அவை தடுத்துவிடுவதில்லை. மாற்றத்தின் நடுவே குழந்தைக்கென ஓர் இடத்தை அவை உறுதிசெய்கின்றன. சின்ன வீடு காட்சியமைப்பில் உயர்ந்து நின்றும் இவ்விடத்தைத் தர இயலாமற்போவது, அளவுகோல் நூலின் புகழன்று என்பதை உணர்த்துகிறது.

படநூலைத் தேர்வோர் அதன் அட்டையில் உள்ள பொருளை மட்டும் பார்த்துத் தேர்வது போதாது; இறுதிப் பக்கத்தையும் பார்த்துத் தேர்தல் வேண்டும். தாய் திரும்புவாள் எனில் திரும்புவாள் என்றும், பூனை வாராது எனில் வாராது என்றும் சொல்லும் நூலையே குழந்தை மறுமுறையும் நம்பி எடுத்து வரும்.